சிரட்டைக்கரியும் இர்விங் லாங்மியூரும்

எங்கள் உம்மும்மாவின் குசினியில் ஒரு மண்பானை இருக்கிறது. மழைக்காலம் வந்துவிட்டால் அவருடைய கிணற்றுத் தண்ணீரில் இலை ஊறிய வாடை அடிக்கும். நிறமும் இலேசான தேயிலைச் சாயம்போல மாறிவிடும். அப்போதெல்லாம் அவர் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, உடைத்துக் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து, இரவில் அந்தப் பானைக்குள் போட்டுவிடுவார். காலையில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் எங்களுக்குத் தேநீர் ஊற்றுவார். அவருடைய உம்மாவும் அப்படித்தான் செய்தாராம்.

சென்ற வருடம் எங்கள் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் செயற்றிட்டம் ஒன்று செய்யும்படி டீச்சர் கூறினார். நானும் என் தோழியர் மூவரும் இந்தக் கரி முடிச்சைத்தான் எடுத்துக்கொண்டோம். மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைத் தண்ணீரில் கரைத்தோம். கரித்துண்டுகளைப் போட்டோம். கண்ணாடிக் கோலால் கலக்கினோம். ஐந்து நிமிடம் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. பாட மணி அடிக்கப் போகிற அவசரத்தில், தண்ணீரிலுள்ள சாயத்தைச் சிரட்டைக்கரி அகற்றாது என்று முடிவு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த வார இறுதியில் உம்மும்மாவிடம் போய், உங்கள் கரி முடிச்சால் ஒரு பயனும் இல்லை, நாங்கள் பரிசோதித்துப் பார்த்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டார். அடுத்த முறை போனபோது பானைக்குள் முடிச்சு இருக்கவில்லை. தேநீரில் அந்த வாடை இருந்தது.

அந்த நாட்களில்தான் டீச்சர் எங்கள் அறிக்கையைத் திருப்பித் தந்தார். முடிவு எழுதியிருந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். எவ்வளவு நேரம் என்ற கேள்வி மட்டும் அதன் பக்கத்தில் இருந்தது. விளக்கம் கேட்டு அவரிடம் போனேன். ஒரு விஞ்ஞானியின் பெயரை எழுதித் தந்து, முதலில் இவருடைய வாழ்க்கையைத் தேடி வாசியுங்கள், பிறகு பேசுவோம் என்றார். அந்தப் பெயர்தான் இர்விங் லாங்மியூர். அவரைப் பற்றி நான் வாசித்து அறிந்தவற்றையும், அதனால் எனக்கு நேர்ந்ததையும் எங்கள் சஞ்சிகையின் வாசகியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லாங்மியூர் 1881ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரைச் சேர்ந்த புரூக்ளினில் பிறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் அவர் மூன்றாமவர். தந்தை காப்புறுதித் துறையில் தொழில் பார்த்தவர். சிறு வயதில் லாங்மியூருக்குக் கண்பார்வை மங்கலாக இருந்தது. அது குறைபாடு என்பதே நெடுநாள் கண்டுபிடிக்கப்படவில்லை. பதினொரு வயதளவில் பார்வை திருத்தப்பட்ட பிறகுதான் மரத்தின் இலைகள் தனித்தனி இலைகளாகவும் தூரத்து மலைகள் மலைகளாகவும் அவருக்குத் தெரிந்தன. புதிதாகக் கிடைத்த அந்தப் பார்வையை அவர் வீணாக்கவில்லை. கண்டதையெல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் அவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டிருந்தது. மூத்த சகோதரர் ஆர்தர் இரசாயனவியலாளர். தம்பிக்கு வீட்டிலேயே சிறிய ஆய்வுகூடம் அமைக்க உதவியவரும் அவரே.

தந்தையின் தொழில் காரணமாகக் குடும்பம் மூன்று வருடம் பரிஸ் நகரில் வாழ்ந்தது. பின்னர் அமெரிக்கா திரும்பி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சுரங்கவியல் கல்லூரியில் சேர்ந்து, 1903இல் உலோகவியல் பொறியியலில் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காக ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே வால்தர் நேர்ன்ஸ்ட் என்னும் பெரிய விஞ்ஞானியின் கீழ், சூடான கம்பிக்கு அருகில் வாயுக்களுக்கு என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்து 1906இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். சூடான கம்பி என்ற இந்தச் சிறு விடயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கம்பியைச் சுற்றியே போனது.

ஊர் திரும்பியவருக்கு நியூஜேர்சியில் ஒரு தொழினுட்ப நிறுவகத்தில் ஆசிரியர் பதவி கிடைத்தது. மூன்று வருடம் கற்பித்தார். பாட வேலைகளுக்கு இடையே ஆராய்ச்சி செய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1909ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையைக் கழிப்பதற்காக ஸ்கெனக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போனார். ஒரு கோடைக்காக என்று போனவர், 1950இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அக்காலத்து மின்குமிழ்களில் ஒரு குறை இருந்தது. எரிய எரியக் கண்ணாடியின் உட்புறம் கறுத்து வெளிச்சம் குறைந்துவிடும். குமிழுக்குள் எஞ்சியிருக்கும் காற்றுத்தான் காரணம், இன்னும் நல்ல வெற்றிடம் உண்டாக்கினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். லாங்மியூர் வேறு வழியில் போனார். வெற்றிடத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, வெவ்வேறு வாயுக்களை வேண்டுமென்றே குமிழுக்குள் விட்டு, ஒவ்வொன்றும் இழையை என்ன செய்கிறது என்று பார்த்தார். மாதங்கள் போயின, வருடங்கள் போயின. கம்பனிக்கு ஒரு சதம் இலாபம் இல்லாத வேலையில் காலம் கழிக்கிறோமே என்ற கவலை அவருக்கே வந்துவிட்டது. அதை ஆய்வுகூடத்தின் தலைவர் வில்லிஸ் விட்னியிடம் சொன்னபோது, பயனைப் பற்றி யோசிக்காமல் தொடர்ந்து செய்யும்படி அவர் உற்சாகப்படுத்தினார். அப்படி ஒரு தலைவர் கிடைத்ததும் ஒரு பாக்கியமே.

கறுப்புக்குக் காரணம் காற்று அல்ல என்பதை லாங்மியூர் கண்டார். வெள்ளைச் சூட்டில் தங்குதன் இழையே மெல்ல மெல்ல ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. குமிழுக்குள் தாக்கமில்லாத வாயுவை நிரப்பினால் அந்த ஆவியாதல் குறையும். வாயு வெப்பத்தைக் கொண்டுபோய்விடுமே என்ற பிரச்சினைக்கு, இழையைச் சுருளாகச் சுற்றி விடை கண்டார். 1913இல் நைதரசன் நிரப்பிய குமிழ் வந்தது, பின்னர் ஆகன் வாயு பயன்படுத்தப்பட்டது. நம்முடைய வீடுகளில் அண்மைக்காலம் வரை எரிந்த மஞ்சள் வெளிச்சக் குமிழ்கள் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் என் கதைக்கு வேண்டியது குமிழ் அல்ல. அந்தச் சோதனைகளில் அவர் கண்ட இன்னொன்று. சூடேறிய குமிழின் கண்ணாடியிலிருந்தும் உலோகத்திலிருந்தும் வாயு வந்துகொண்டே இருந்தது. அந்த வாயு எங்கே ஒளிந்திருந்தது? திண்மங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலும், தங்குதன் இழையின்மேல் ஒட்சிசன் மிகமிக மெல்லிய படையாக ஒட்டிக்கொண்டாலே இழையின் நடத்தை முழுவதும் மாறிவிடுவதைக் கண்டார். அந்தப் படையின் தடிப்பு ஓர் அணுவின் தடிப்பே என்ற முடிவுக்கு வந்தார்.

திண்மப் பரப்பில் வாயுவோ கரைந்த பொருளோ இவ்வாறு ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்கிறோம். கடற்பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது போன்றதல்ல இது. பொருள் மேற்பரப்பில் தங்குகிறது. கரி இப்படிச் செய்யும் என்பது லாங்மியூருக்கு முன்பே தெரிந்திருந்தது. ரஷ்யாவில் பணியாற்றிய லோவிட்ஸ் என்பவர் 1785இலேயே கரைசல்களின் நிறத்தைக் கரி நீக்குவதைக் கண்டிருந்தார். சீனி ஆலைகள் கரியைக் கொண்டு சீனிப்பாகை வெளுக்கச் செய்தன. ஆனால் ஒட்டுவது எப்படி, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பதற்குத் தெளிவான ஒரு படம் இருக்கவில்லை. லாங்மியூர் 1916 முதல் 1918 வரை எழுதிய கட்டுரைகளில் அந்தப் படத்தை வரைந்தார்.

அதை எங்கள் பாடசாலை மண்டபத்தை வைத்து நான் விளங்கிக்கொண்டேன். பரிசளிப்பு விழா நாள். மண்டபத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையான கதிரைகள். ஒரு கதிரையில் ஒருவர்தான் அமரலாம், மடியில் இன்னொருவர் அமர முடியாது. வெளியே நிற்போர் உள்ளே வருகிறார்கள். ஆரம்பத்தில் எல்லாக் கதிரையும் காலி, ஆகவே மளமளவென்று நிரம்புகின்றன. நிரம்ப நிரம்பக் காலிக் கதிரையைத் தேடி அலைய வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. இதற்கிடையில் அமர்ந்திருப்பவர்களில் சிலர் எழுந்து வெளியே போகிறார்கள். அமர்ந்திருப்போர் கூடக் கூட, எழுந்து போவோரும் கூடுகிறார்கள். ஒரு கட்டத்தில் உள்ளே வந்து அமரும் வேகமும் எழுந்து போகும் வேகமும் சமமாகிவிடும். பார்ப்பவருக்கு மண்டபம் அசையாமல் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதுதான் சமநிலை.

கதிரை என்பதற்குப் பதில் பரப்பிலுள்ள இடங்கள், ஆட்கள் என்பதற்குப் பதில் மூலக்கூறுகள் என்று வைத்துக்கொண்டால் லாங்மியூரின் கொள்கை வந்துவிடும். ஒட்டும் வீதம் வெளியே உள்ள செறிவிலும் காலி இடங்களிலும் தங்கியிருக்கும். விலகும் வீதம் நிரம்பிய இடங்களில் தங்கியிருக்கும். இரண்டையும் சமப்படுத்தி, எவ்வளவு பரப்பு நிரம்பும் என்பதற்கு அவர் ஓர் எளிய சமன்பாட்டைப் பெற்றார். கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் தட்டையான பரப்புகளில் வாயுக்களை வைத்து அதைச் சோதித்தார். தண்ணீரிலுள்ள மாசுக்களைப் பற்றி அவர் அப்போது பேசவில்லை. பின்வந்தவர்கள் அதே சமன்பாட்டைச் சாயங்களுக்கும் ஈயம் போன்ற உலோகங்களுக்கும் தண்ணீரில் பயன்படுத்தினார்கள். இன்று நீர்ச் சுத்திகரிப்புப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று.

லாங்மியூரின் வாழ்க்கையை வாசித்தபோது இரண்டு பெண்களின் பெயர்களும் என் மனதில் நின்றன. ஒருவர் அக்னஸ் பொக்கல்ஸ். 1862இல் பிறந்த ஜேர்மனியப் பெண். அக்காலத்தில் அவருடைய நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டும் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டும், தம்பியின் பௌதிகவியல் புத்தகங்களை வாசித்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய் பரவுவதைக் கவனித்து, தகரத்தால் ஒரு தட்டையான தொட்டி செய்து, தண்ணீரின் மேற்பரப்பிழுவையை அளந்தார். 1891இல் அவர் தம்முடைய முடிவுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு எழுதி அனுப்ப, அவர் அதை நேச்சர் சஞ்சிகையில் வெளியிடச் செய்தார். குசினியில் பிறந்த அந்தத் தொட்டியையே லாங்மியூர் திருத்தியமைத்து, 1917இல் எண்ணெய்ப் படலங்களை ஆராய்ந்தார். கொழுப்பமில மூலக்கூறுகள் தண்ணீரில் தலையை வைத்து வாலை மேலே நீட்டி, ஒரே படையாக, நாற்று நட்டதுபோல் நெருங்கி நிற்கின்றன என்று காட்டினார். வால் நீண்டதாயினும் குறுகியதாயினும் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது அதற்குச் சான்றாயிற்று.

மற்றவர் கதரின் பிளொஜெற். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர். 1918இல் லாங்மியூரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானியாகச் சேர்க்கப்பட்ட முதற் பெண் அவரே. 1926இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்ணும் அவரே. தண்ணீரின் மேல் உள்ள ஒற்றைப் படலத்தைக் கண்ணாடியில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையை அவரும் லாங்மியூரும் உருவாக்கினார்கள். அந்த முறையைக் கொண்டு 1938இல் பிளொஜெற் ஒளியைத் தெறிக்காத கண்ணாடியைச் செய்தார். அந்தப் படலங்கள் இன்றும் இருவரின் பெயராலும் அழைக்கப்படுகின்றன.

1932இல் மேற்பரப்பு இரசாயனவியலுக்காக லாங்மியூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லாத, கம்பனி ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவருக்கு இந்தப் பரிசு கிடைத்தது அந்நாளில் பெரிய விடயம். மலையேறுவதிலும் பனியில் சறுக்குவதிலும் அவருக்கு விருப்பம் அதிகம். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1927இல் கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தபோது, கடற்பாசிகள் காற்றின் திசையில் நீண்ட வரிசைகளாக மிதப்பதைக் கண்டார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் ஊர் திரும்பி ஓர் ஏரியில் வருடக்கணக்காகச் சோதித்து, காற்று வீசும்போது தண்ணீருக்குள் உண்டாகும் சுழற்சியே அதற்குக் காரணம் என்று 1938இல் எழுதினார். தாமதமாகப் பார்வை கிடைத்த கண்களுக்கு எதுவும் சாதாரணமாகத் தெரியவில்லை போலும்.

இவ்வளவு பெரியவர் தவறவே இல்லையா என்றால், தவறினார் என்றே பலர் கருதுகிறார்கள். 1946இல் அவருடைய உதவியாளர் வின்சென்ட் ஷேஃபர், விமானத்திலிருந்து உலர்பனிக்கட்டியை மேகத்தில் தூவி, அதைப் பனித்துகள்களாக மாற்றிக் காட்டினார். லாங்மியூர் மிகுந்த உற்சாகம் கொண்டார். 1947 ஒக்டோபரில் அவர்களுடைய திட்டத்தின் கீழ் ஒரு சூறாவளியிலும் உலர்பனிக்கட்டி தூவப்பட்டது. அதன் பிறகு சூறாவளி திசை திரும்பிக் கரையைத் தாக்கியது. தூவியதாலேயே அது திரும்பியது என்று லாங்மியூர் நம்பினார். தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். நாட்டின் பெரும் பகுதியில் மழை பெய்யும் ஒழுங்கையே தமது தூவல் மாற்றுகிறது என்றும் அவர் வாதிட்டார். வானிலை ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை.

இதே மனிதர்தான் 1953இல் ஓர் உரையில், விஞ்ஞானிகள் தாம் காண விரும்புவதையே கண்டதாக எண்ணி ஏமாறும் நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். மற்றவர்களுக்குச் சொன்ன மருந்தைத் தானே குடிக்கத் தவறினார் என்று இதை வைத்துச் சிலர் அவரைக் குறை கூறுகிறார்கள். எனக்கோ அந்த இடத்தை வாசித்தபோது முகம் சிவந்தது. சூறாவளி எங்கே, என் ஐந்து நிமிடக் கிளாஸ் எங்கே! ஆயினும் தவறு ஒன்றுதான். ஒரு தடவை பார்த்ததை வைத்து முழு முடிவு எழுதிவிட்டேன். போதாக்குறைக்கு ஒரு வயதான மனுஷியின் பழக்கத்தையும் அதைக் கொண்டு நிறுத்திவிட்டேன்.

லாங்மியூர் 1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அவருக்கு அப்போது 76 வயது.

இனி, டீச்சரின் சிவப்பு வட்டத்துக்கு வருகிறேன். எவ்வளவு ஒட்டும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரத்தில் ஒட்டும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதே புறத்துறிஞ்சலின் இயக்கவியல். லாங்மியூர் பதினேழு வயதுப் பையனாக இருந்த 1898இலேயே, சுவீடனைச் சேர்ந்த லாகர்கிரென் என்பவர் கரியின்மேல் அமிலங்கள் ஒட்டும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். இன்னும் எவ்வளவு ஒட்ட இடமிருக்கிறதோ, அதற்கு நேர்விகிதமாக வேகம் இருக்கும் என்பது அதன் சாரம். 1990களின் பிற்பகுதியில் இன்னொரு சமன்பாடு பிரபலமானது. அதன்படி, எஞ்சிய இடத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக வேகம் இருக்கும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரி மொத்தமாகப் பிடிக்கக்கூடிய சாயத்தின் பாதி முதல் 10 நிமிடத்தில் ஒட்டிவிட்டது என்று கொள்வோம். முதலாவது சமன்பாட்டின்படி 20 நிமிடத்தில் நான்கில் மூன்று பங்கும், 30 நிமிடத்தில் எட்டில் ஏழு பங்கும், ஒரு மணித்தியாலத்தில் 98 வீதமும் ஒட்டியிருக்கும். இரண்டாவதன்படி 20 நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கும், 30 நிமிடத்தில் நான்கில் மூன்று பங்கும், ஒரு மணித்தியாலத்தில் 86 வீதம் மட்டுமே ஒட்டியிருக்கும். தொடக்கம் ஒன்றாயினும் முடிவு வெகுவாக வேறுபடுகிறது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரைக் கரியோடு எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், லாங்மியூரின் வந்தமரும், எழுந்துபோகும் படத்திலிருந்தே, சில நிலைமைகளில் முதலாவதும் வேறு சில நிலைமைகளில் இரண்டாவதும் கிடைக்கும் என்று காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கரி தட்டையான கண்ணாடி அல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஏராளம். தொழிற்சாலையில் மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்தி ஏவப்பட்ட ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர்வரை இருக்கும். நமது நாட்டின் சிரட்டைக்கரியிலிருந்து செய்யப்படும் ஏவப்பட்ட காபன் வெளிநாடுகளில் தண்ணீரைச் சுத்திகரிக்கப் போகிறது. சாய மூலக்கூறு அந்தத் துவாரங்களுக்குள் நுழைந்து, வளைந்து, உள்ளே போய்ச் சேரவேண்டும். மண்டபத்தின் பின் கதிரைகளை அடைய ஒடுங்கிய நடைபாதையால் போவது போன்றது அது. துண்டு பெரிதாக இருந்தால் பாதையும் நீளும், நேரமும் நீளும்.

இவையெல்லாம் விளங்கிய பிறகு டீச்சரிடம் அனுமதி பெற்றுப் பரிசோதனையை மீண்டும் செய்தோம். தெரிந்த செறிவுகளில் நீலக் கரைசல்களைச் சிறு போத்தல்களில் வரிசையாக வைத்துக்கொண்டோம். ஒரு கிளாஸில் கரித்தூள், மற்றதில் அதே நிறையில் கரித்துண்டுகள். 5, 10, 20, 40, 60, 120 நிமிடங்களில் சிறிது கரைசல் எடுத்து வடித்து, வரிசையோடு ஒப்பிட்டோம். தூள் இருந்த கிளாஸில் முதற் பத்து நிமிடத்தில் நிறம் வேகமாகக் குறைந்தது, பின்னர் மெதுவானது. துண்டுகள் இருந்த கிளாஸில் ஐந்தாம் நிமிடம் எதுவும் தெரியவில்லை. அன்று நாங்கள் பார்த்ததும் அதுதான்! மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு கிளாஸிலும் மிக மெல்லிய நீலமே மிஞ்சியிருந்தது. வெறும் கண்ணால் ஒப்பிட்ட எங்கள் அளவீடு, இரண்டு சமன்பாடுகளில் எது பொருந்தும் என்று சொல்லுமளவுக்குத் துல்லியமானதல்ல. ஆகவே அதைப் பற்றி முடிவு எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்டதற்காகவே டீச்சர் எங்களைப் பாராட்டினார்.

அதே கரியை வடித்தெடுத்துப் புதிய நீலக் கரைசலில் மீண்டும் போட்டோம். இரண்டாம் முறை குறைவாகவே எடுத்தது. மூன்றாம் முறை கிட்டத்தட்ட எதையும் எடுக்கவில்லை. கதிரைகள் நிரம்பிவிட்டன.

விடுமுறை கிடைத்ததும் உம்மும்மாவிடம் போனேன். நான் சொன்னது பிழை என்றும், கரிக்கு ஐந்து நிமிடம் போதாது, இரவு முழுவதும் வேண்டும் என்றும், அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு முடிச்சை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். துணி கிழியும் வரை என்றார். மாதக்கணக்கில் ஒரே கரி! அப்போது என் கொப்பியைத் திறந்து மூன்றாம் முறைக் கிளாஸின் கதையைச் சொன்னேன். கரியிலுள்ள இடம் நிரம்பிவிட்டால் அது வெறும் கல்லுக்குச் சமம் என்பதை அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இப்போது மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை புதுக்கரி மாற்றுகிறார். நேரத்தை நான் அவரிடம் கற்றேன், அளவை அவர் என்னிடம் கற்றார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சுடும் கரி வாடையையும் நிறத்தையும் ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். அது கிருமிகளைக் கொல்லாது. புளோரைட்டையும் தண்ணீரின் வன்மையையும் நீக்க அதை நம்பியிருக்க முடியாது. உம்மும்மா கொதிக்க வைப்பதை ஒருபோதும் நிறுத்தியதில்லை. கிணற்றில் சந்தேகம் இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதே முறை.

தங்கைமாருக்கும் ஒன்று. பரிசோதனை தோற்றுவிட்டது என்று எழுதுவதற்கு முன் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். விடை வர வேண்டிய நேரத்தை அதற்குக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். ஒரு கோடை விடுமுறைக்காகப் போய், மின்குமிழின் கறுப்பைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காகப் பொறுமையோடு இருந்த ஒருவரின் வாழ்க்கை எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். அந்த மண்பானைக்குள் இன்றிரவும் ஒரு வெள்ளை முடிச்சுக் கிடக்கும். காலையில் அந்தத் தேநீரைக் குடிக்க, இன்ஷா அல்லாஹ், இந்த விடுமுறையிலும் போவேன்.